கோட்டம் சக்கரத்தில் இல்லை

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பெண்களே, இது உங்களுக்குத்தான்.

போன வாரம் நம் போன் குழுவில் ஒருத்தி, ஏரிக்கரை இறக்கத்தில் நான் சைக்கிளோடு விழுந்த கதையை எடுத்துப் போட்டாள். “அவளுக்கு ஒழுங்கா ஓட்டவே தெரியாது, அதுல டபுள்ஸ் வேற” என்று எழுதியிருந்தாள். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நம்மில் பாதிப் பேருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, சிலருக்குப் பேத்தியே பள்ளிக்கூடம் போகிறாள். இந்த வயதில் எதற்கு வம்பு என்று நானும் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போட மாட்டேன். எனக்கு ஓட்டத் தெரியும். அன்றைக்கும் தெரியும். நடந்தது இதுதான். கேட்டுவிட்டு அப்புறம் சிரிப்பதானால் சிரியுங்கள்.

அந்தச் சைக்கிள் என் அக்காவுடையது. கரும்பச்சை நிறம், லேடீஸ் வண்டி. அக்கா கல்யாணமாகி மதுராந்தகம் பக்கம் போனதும் அது எனக்கு வந்தது. சீட்டின் மேல் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை மடித்துத் தைத்த உறை போட்டிருக்கும். பின் சக்கரத்தில் தாவணி சிக்காமல் இருக்க ஒரு வலை. பெல்லுக்கு மூடி கிடையாது, கட்டைவிரலால் தள்ளினால் ‘டிக்’ என்று பல்லி சத்தம் போடும். அதனால் எங்கள் வண்டிக்கு ஹாரன் என் தோழிதான். ராஜகீழ்ப்பாக்கம் முனையில் காத்திருந்து கேரியரில் ஏறிக்கொள்வாள். இரண்டு பேரின் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, “ஓரம் போங்க, ஓரம் போங்க, பிரேக் இல்ல!” என்று சேலையூர் வரைக்கும் கத்திக்கொண்டே வருவாள். பிரேக் இருக்கும்போதே அப்படித்தான் கத்துவாள்.

மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் பள்ளிக்கூடத்துக்கு வர அப்போது எனக்கு இருந்த வழி மூன்று. ஒன்று, நினைத்தால் வரும் டவுன் பஸ். இரண்டு, நடை. மூன்றாவது அந்தச் சைக்கிள். எங்கள் தெருவில் எட்டாவதுக்கு மேல் படிக்கப் போன பெண் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பள்ளிக்கூடம் தூரம் என்பதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. சைக்கிள் போனால் என் படிப்பும் போகும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு மழை விடவே இல்லை. ஏரிகள் தளும்பின. விமானப்படைத் தளத்துச் சின்ன விமானங்கள்கூடப் பல நாள் கிளம்பவில்லை. ஈரத்தில் ஓட்டி ஓட்டி முன் பிரேக் கட்டை இரண்டும் தேய்ந்து, பிடித்தால் தகரம் ரிம்மில் உரசிக் ‘கிரீச்’ என்று பல் கூசும். அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியை கேம்ப் ரோடு சைக்கிள் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய், புதுக் கட்டை மாட்டி, சாயங்காலம் அவரே வீட்டுக்கு ஓட்டி வந்தார். இதை நினைவில் வையுங்கள். வீட்டுக்கு ஓட்டி வந்தவர் அவர்.

திங்கட்கிழமை காலை ஏறி மிதித்தேன். யாரோ பின்னால் கேரியரைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி கனத்தது. முன் சக்கரத்திலிருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். இடைவிடாத சத்தம். ராஜகீழ்ப்பாக்கம் போவதற்குள் எனக்குத் தொடை கடுத்தது. தோழி ஏறி உட்கார்ந்ததும், “இன்னாடி, வண்டிக்கு சளி புடிச்சிருக்கு?” என்றாள்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

“புதுக் கட்டை அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்டத் தேஞ்சு சரியாயிடும்” என்றார், பேப்பரை மடிக்காமலே.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பேர், ஆட்டோக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள். நான் சொன்னதைக் கேட்டார். எழுந்து வரவில்லை.

“டபுள்ஸ் ஓட்றியா?”

“ஆமாண்ணா.”

“அப்புறம் இன்னா? பள்ளம் மேடு பாக்காம டபுள்ஸ் ஓட்டினா ரிம்மு கோட்டம் ஆயிடும். கோட்டம் ஆனா உரசத்தான் செய்யும். எங்கைல ஒண்ணும் கெடையாது.”

“ஞாயித்துக்கெழமை வரைக்கும் உரசலண்ணா. கட்டை மாத்தின அப்புறம்தான். அதுவும் விடாம உரசுது.”

“நீ எனக்கு சொல்லிக் குடுக்கறியா?” என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். “போம்மா. உங்கப்பாவ வரச்சொல்லு.”

கோட்டம் என்றால் உங்களுக்குத் தெரியும், சக்கரம் வளைந்து, சுற்றும்போது நெளிவது. அந்தச் சொல் அன்றைக்கு என் மேல் ஒட்டிக்கொண்டது. அப்பா மறுநாள் கடைப்பக்கம் போனபோது கடைக்காரர் அவரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, “ரிம்மையே வளைச்சு வச்சிருக்க” என்றார். நான் வளைக்கவில்லை என்றேன். “வாய் பேசாத” என்றார்.

வியாழக்கிழமை காலை தூறல். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஏரிக்கரை இறக்கம் உங்களுக்கு நினைவிருக்கும், இப்போது அங்கே ஜவுளிக்கடையும் மருந்துக்கடையும் வந்துவிட்டன. அப்போது ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல். வயல் என்று சொல்கிறேனே தவிர, நெல் இல்லை. என் பெரியப்பா அந்த வருஷம்தான் அதை மனை போட்டு விற்க ஆரம்பித்திருந்தார். முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகக் கல் நட்டு வைத்திருந்தார்.

பாதி இறக்கத்தில் கரையிலிருந்து எருமைகள் ரோட்டுக்கு ஏறின. நான் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பதறிப்போய்ப் பிடிக்கவில்லை. தூரத்திலேயே பார்த்து, நிதானமாகத்தான் பிடித்தேன். முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. நான் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து சேற்றில் விழுந்தேன். என் தோழி பக்கவாட்டில் போய்ப் பெரியப்பாவின் வெள்ளைக் கல் ஒன்றில் தாடை மோத விழுந்தாள்.

ரத்தம் அவள் வெள்ளைத் தாவணியில் இறங்கியது. அவள் அழவில்லை. என் பையைத்தான் முதலில் தேடினாள், அதில் அவளுடைய கணக்கு நோட்டு இருந்தது. ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். “யார் வூட்டுப் பொண்ணு? பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்கு சைக்கிளு?” அத்தனை ஆம்பிளைகளில் ஒருவர்கூடக் குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை. நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை. அதற்காக இன்றுவரை என் மேலேயே எனக்குக் கோபம்.

அவள் தாடையில் மூன்று தையல் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டோடு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர்கள், அதிர்ந்து பேச மாட்டார்கள். வாசலிலேயே நின்றார்கள். “பொண்ணு மூஞ்சி. நாளைக்கு அவளுக்கு ஒரு இடம் பாக்கணும்னா நான் இன்னா பதில் சொல்லுவேன்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெரியப்பா வந்தார். எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவர் உட்கார்ந்த பிறகுதான் எடுக்கப்படும். “அப்பவே தலபாடா அடிச்சிகினேன். எட்டாவதோட நிறுத்துடான்னேன். கேட்டியா?” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு போய் சைக்கிளைக் கிணற்றடித் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வருஷம் முடியும்வரை பஸ்ஸில் போவது, அதோடு படிப்பை நிறுத்துவது என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை.

“என் மேல தப்பில்ல” என்றேன்.

“தப்பு பண்ணவன் எவன்டி தப்பு பண்ணேன்னு சொல்லிகீறான்?” என்றார் பெரியப்பா.

பஸ்ஸில் போன அந்த நாட்களில் நான் முதல் மணிக்கு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. உங்களுக்கு நினைவிருக்கும், வகுப்புக்கு வெளியே நான் நின்றுகொண்டிருப்பேன். நிற்பதில் ஒரு லாபம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சைக்கிள் ஸ்டாண்டு தெரியும். டீச்சர்கள், ஆபீஸ்காரர்கள், மாணவிகள் என்று முப்பது நாற்பது வண்டி நிற்கும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் சோற்றை அரைகுறையாகத் தின்றுவிட்டு ஸ்டாண்டுக்குள் போனேன். நல்ல பிரேக் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம்.

ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பிரேக் ரப்பர் ஒரு சின்னத் தகர வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும், இன்னொரு முனை திறந்திருக்கும். திறந்த முனை வழியாகத்தான் ரப்பரை உள்ளே தள்ளுவார்கள். பத்து வண்டி பார்த்தபோது ஒன்று புரிந்தது. எல்லா வண்டியிலும் மூடிய முனைதான் முன்னால் இருந்தது. சக்கரத்தின் மேல்பகுதி முன்னோக்கி ஓடுகிறது. பிரேக் பிடித்தால் ரிம் ரப்பரையும் சேர்த்து முன்னோக்கி இழுக்கும். மூடிய முனை அதைத் தடுத்து நிறுத்தும். திறந்த முனை முன்னால் இருந்தால்?

“ஏய், இன்னாம்மா, காத்து புடுங்கறியா?” என்று வாட்ச்மேன் பின்னாலிருந்து கத்தினார்.

“இல்லண்ணா, படிக்கிறேன்” என்றேன். பொய் இல்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து ஏரிக்கரையிலேயே இறங்கிக்கொண்டேன். விழுந்த இடத்தைச் சுற்றிப் புல்லையும் சேற்றையும் கையால் துழாவினேன். உடைந்த பேனா மூடி கிடைத்தது, தோழியின் ரிப்பன் கிளிப் கிடைத்தது. மாடு மேய்க்க வந்த அம்மா ஒருத்தி, “தோடு வுழுந்துட்சா கண்ணு?” என்று கேட்டாள். “இல்லக்கா, ரப்பரு” என்றேன். அவளும் கொஞ்ச நேரம் கூடத் தேடினாள். வெள்ளைக் கல்லுக்கு இரண்டடி தள்ளி, நத்தை போலச் சேற்றில் புதைந்து கிடந்தது. கறுப்பு ரப்பர் கட்டை. நாலு நாள் மட்டுமே ஓடிய புதுக் கட்டை. ஆனால் அதன் முகம் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. கழுவி, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அப்பா இன்னும் வரவில்லை. அம்மா மட்டும் இருந்தாள். அப்பா பூட்டியிருந்தது பின் சக்கரத்தை. எனக்கு வேண்டியதோ முன் சக்கரம். சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். வலது தகர வீடு காலியாக இருந்தது. அதன் திறந்த முனை முன்னால் பார்த்திருந்தது. இடதும் அப்படியே. கடைக்காரர் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டிவிட்டிருந்தார்! கையிலிருந்த ரப்பரை முன்பக்கத்திலிருந்து தள்ளினேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. விரலால் இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

ஆனால் அந்த ‘சர்ர்ர்’ சத்தம்? அதற்குக் கோட்டம்தான் காரணம் என்றால் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மையாகிவிடும். பாதிகூட எனக்கு விட்டுத்தர மனமில்லை.

“அம்மா, கொஞ்சம் ஹேண்டில்பாரப் புடிச்சி மேல தூக்கேன்.”

“இன்னாடி பண்ணப் போற? உங்கப்பா வந்தா என்னத்தான் பேசுவாரு.”

“பேசட்டும். தூக்கு.”

அம்மா புடவையைச் சொருகிக்கொண்டு தூக்கினாள். கம்பு நட்ட கைகள், நாற்று முடி சுமந்த கைகள். அசையாமல் பிடித்தாள். பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க் கம்பியில் கையை ஊன்றி, ரிம்மின் பக்கவாட்டில் மெல்லத் தொடுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சக்கரம் வளைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் சாக்பீஸ் படும், மற்ற இடம் சுத்தமாக இருக்கும். சுற்றி நின்றது. குனிந்து பார்த்தோம்.

“கோடு ஃபுல்லா சுத்தி வுழுந்துகீதேடி” என்றாள் அம்மா.

முழு வட்டம். எங்கும் அறுபடாத வெள்ளைக் கோடு. வாழ்க்கையில் நான் போட்ட எந்தக் கோலமும் எனக்கு அத்தனை அழகாகப் பட்டதில்லை. சக்கரத்தில் கோட்டம் இல்லை.

அடுத்து, ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு விரல் தாராளமாகப் போனது. வலது பக்கம் ஒரு விரல்கூட நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டை மாற்றச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் அதை நடுவில் உட்கார வைக்காமல், சாய்ந்தபடியே நட்டை முறுக்கியிருக்கிறார். தேய்ந்து மெலிந்த பழைய கட்டையாக இருந்தால்கூட அதற்கும் ரிம்முக்கும் நடுவில் இடம் இருந்திருக்கும். புதுசு தடிமன், வலது பக்கம் இடமே இல்லை. நாலு நாளாகச் சக்கரம் அந்த ரப்பரை உரசி உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த முனை வழியே முன்னால் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் அது பாதி வெளியே வந்து, சிக்கி, சக்கரத்தை நிறுத்திவிட்டுத் தெறித்துப்போயிருக்கிறது.

அப்பாவின் ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்க நட்டையும் தளர்த்தினேன். வண்டியைத் தரையில் இறக்கச் சொல்லி ஹேண்டில்பாரை அமுக்கினேன். சக்கரம் ‘கொட்’ என்று தன் இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் விரல் விட்டுச் சரிபார்த்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினேன். தகர வீடுகளைக் கழற்றி இடம் மாற்றினேன். தீப்பெட்டி அட்டையைக் கிழித்து ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் இரண்டு பக்கமும் வைத்து, அந்த அளவுக்கு இடைவெளி விட்டு இறுக்கினேன். அட்டையை உருவிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன்.

சத்தமே இல்லை. அம்மா காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். “நின்னுட்சா?” என்றாள். “சுத்திகினு கீதும்மா” என்றேன்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாகத்தான் வந்தார்கள், அம்மா உள்ளே போய்விட்டாள். என் கை முழுக்கக் கிரீஸ். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். நட்டைத் தளர்த்தி மறுபடி சக்கரத்தைச் சாய்த்துக் காட்டினேன், ‘சர்ர்ர்’ என்றது. நேராக்கிக் காட்டினேன், நின்றது. ரப்பரைத் தப்பான பக்கம் மாட்டி இழுத்துக் காட்டினேன். வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். அப்பா குந்தி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொட்டப் புள்ள கைல ஸ்பேனரு. நல்லாகீது குடும்பம்” என்றார் பெரியப்பா. “பூட்டு பூட்டாவே இருக்கட்டும்டா.”

அம்மா வந்தாள். பெரியப்பா இருக்கும்போது அவள் கூடத்துக்கே வர மாட்டாள், அதுவரை வந்ததில்லை. நேராக அப்பாவிடம் போய், அவர் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். “மாமா, தப்பு கடைக்காரன் மேல. பூட்டறதா இருந்தா அவன் கடையப் பூட்டுங்க” என்று சொல்லிவிட்டு என் கையில் சாவியை வைத்தாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு இரண்டு பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை.

அப்பாவைப் பற்றி இதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தவர் அவர் என்று சொன்னேன் அல்லவா? கேம்ப் ரோட்டிலிருந்து மாடம்பாக்கம் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் வந்திருப்பார். அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. தப்பு கடைக்காரருடையது என்றால், சத்தத்தைக் கேட்டும் என்னை அதில் ஏற்றி அனுப்பியவர் தான்தான் என்று ஆகிவிடும். ஒரு பெண்ணின் தாடை கிழிந்ததை அவரால் சுமக்க முடியவில்லை. என் தலையில் வைத்துவிட்டார். புரிகிறது. நானும் பிள்ளை பெற்றவள்தான். ஆனால் புரிவதும் ஒத்துக்கொள்வதும் ஒன்றல்ல. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்தும், வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சாப்பாட்டில் உட்கார்ந்தபடி, “ஏம்பா, கோட்டமா, கட்டையா?” என்று கேட்பேன். “சாப்புடு” என்பார். கடைசிவரை சொல்லவில்லை. நானும் கடைசிவரை கேட்பதை விடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். அதே கூட்டம். ரப்பர் எந்தப் பக்கம் வெளியே வந்தது என்று கழற்றிக் காட்டினேன். கடைக்காரர், “அவசரத்துல கை மாறிக்கும். குடு, சரி பண்ணித் தரேன்” என்று ஸ்பேனரை எடுத்தார்.

“வேணாம்ணா. சரி பண்ணிட்டேன். நீங்க தொட வேணாம். எங்கப்பாகிட்ட கோட்டம்னு சொன்னீங்க இல்ல? கோட்டம் இல்லன்னு இப்ப இவங்க முன்னாடி சொல்லுங்க.”

“இன்னாம்மா பேஜாரா கீது உன்னோட…”

ஒரு ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார். சக்கரத்தைச் சுற்றினார். “தலைவா, பொண்ணு கரீட்டாத்தான் சொல்லுது. சொல்லிடு” என்றார்.

“சரி, கோட்டம் இல்ல. போதுமா? கெளம்பு.”

போதவில்லை. ஆனாலும் கிளம்பினேன், இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

தோழியின் அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போன பிறகும் மிதிப்பதை நிறுத்தவில்லை. நின்றபடியே சொன்னேன். வண்டியிலிருந்து கழற்றி எடுத்து வந்த ரப்பரை மிஷின் பலகை மேல் வைத்தேன். சக்கரம் சாய்ந்திருந்தது, ஒரு பக்கம் இடமில்லை, உரசியது என்று சொன்னபோது அவர்கள் கால் நின்றது. ரப்பரை எடுத்துச் சாய்வாகத் தேய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

“ஊசி ஒரு நூல் தள்ளி நின்னாலே தகட்டுல இடிச்சி ஒடிஞ்சிடும். எனக்கு இது புரியாதா?” என்றார்கள். “உன் மேல தப்பில்ல கண்ணு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஆனா என் பொண்ண இனிமே உன் வண்டில ஏத்த மாட்டேன். கோச்சிக்காத.”

நான் ரப்பரைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அப்போது உள்ளேயிருந்து என் தோழி வந்தாள். தாடையில் பெரிய பிளாஸ்திரி. வாயை அதிகம் திறக்க முடியாமல் பல்லுக்கு நடுவிலேயே பேசினாள்.

“நான் பின்னாடி ஏற மாட்டேம்மா.”

“அதான் சொன்னேன்” என்றார்கள் அம்மா.

“பின்னாடி உக்காந்தா முன்னாடி இன்னா நடக்குதுன்னே தெரியல. நான் ஓட்டறேன். இவ பின்னாடி உக்காரட்டும்.”

“தையல் இன்னும் பிரிக்கல, ஓட்டறாளாம்! உனக்கு ஓட்டத் தெரியுமாடி?”

“கத்துக்கறேன்.”

அவள் அம்மா திட்டினார்கள். கத்தரிக்கோலைப் பலகையில் ஓங்கி வைத்தார்கள். அவள் நகரவில்லை. தையல் பிரித்த அன்றே பெரியப்பாவின் மனைக்கு வந்து நின்றாள். வெள்ளைக் கற்களுக்கு நடுவில்தான் கற்றுக்கொடுத்தேன், வேறு வெட்டவெளி கிடையாது. எத்தனை தடவை விழுந்தாள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்ததும் முதல் வேலையாக முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறுவாள்.

அரைப் பரீட்சைக்கு முந்தைய திங்கட்கிழமை காலை, ராஜகீழ்ப்பாக்கம் முனையில் நான் இறங்கி ஹேண்டில்பாரை அவளிடம் கொடுத்தேன். இரண்டு பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தேன். அவள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி கொஞ்சம் ஆடியது, பிறகு நேரானது. வாசலில் அவள் அம்மா தோளில் அளவு நாடா தொங்க நின்றுகொண்டிருந்தார்கள். முகம் இறுகியிருந்தது. நிறுத்தச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

“தாவணிய இழுத்துச் சொருகுடி, பறக்குது!” என்று கத்தினார்கள்.

அவள் பிரேக் பிடித்தாள். வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, தாவணியை இழுத்து இடுப்பில் இறுக்கமாகச் சொருகிக்கொண்டாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள்.